வண்டி யார் கையில் இருக்கிறது?

சமயநல்லூர்ப் பக்கம் நான்கு வழிச்சாலையில் ஏறி வடக்கே திரும்பி, சாலை எண் மாறாமல் போய்க்கொண்டே இருந்தால் டெல்லி வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 44. 2010-இல் எண்களை மாற்றுவதற்கு முன்பு நம் பக்கத்தில் இது ஏழாம் எண் சாலை. திண்டுக்கல், கரூர், சேலம், ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். என் வீட்டுக்காரருக்குக் குருகிராமுக்கு மாற்றல் வந்ததும் அண்ணன் அவரிடம் கேட்டது இதுதான்: "ஒரே ரோடுதான மாப்ள, ஓட்டிக்கிட்டே போயிரலாம்ல?"

போகலாம்தான். மாற்றி மாற்றி ஓட்ட ஆளும், வழியில் தங்கித் தங்கிப் போக நாளும் இருந்தால் அது நல்ல பயணம். எங்களுக்கோ கைக்குழந்தை, முழங்கால் வலியோடு அத்தை, போய்ச் சேர்ந்ததும் வேலையில் சேர்ந்தாக வேண்டிய கட்டாயம். நாங்கள் ரயிலில் போவது, காரை அதற்கென்று உள்ள நிறுவனத்தின் ட்ரெய்லர் லாரியில் ஏற்றி அனுப்புவது என்று முடிவானது. வீட்டில் இருந்த இரண்டு கார்களில் எதை அனுப்புவது என்பதில் குழப்பமே இல்லை. அப்பாவின் டீசல் கார் பத்து வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. டெல்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்திலும் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டிருந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. குருகிராம் அந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது. அந்த விதி அதற்குப் பிறகும் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பழைய வண்டியை அனுப்ப நினைப்பவர்கள் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு புக் பண்ணுங்கள். நாங்கள் பெட்ரோல் ஸ்விஃப்ட்டை அனுப்பினோம்.

பிறகு மதுரைக்கே திரும்பி வந்தபோது அதே கார் மறுபடி ட்ரெய்லர் ஏறியது. நடுவில் சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று பலருடைய வண்டிகள் போய் வந்ததையும் கிட்ட இருந்து பார்த்தேன். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். கார் அடிபடுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இல்லை. அங்கே அது பெல்ட் போட்டுக் கட்டப்பட்டு, இன்ஜின் அணைந்து, சும்மா நிற்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடங்களில்தான் அடிபடுகிறது. வீட்டு வாசலில் சாவி வாங்குகிறவர், கார்களைச் சேர்த்து நிறுத்தும் யார்டில் ராம்ப் என்கிற சாய்வுப் பலகையில் ஏற்றுகிறவர், நடுவழியில் வேறு ட்ரெய்லருக்கு மாற்றுகிறவர், இறக்குகிறவர், கடைசியில் நம் வீட்டுக்கு ஓட்டி வருகிறவர். புக் பண்ணும்போது எல்லோரும் வாடகையைத்தான் பேசுகிறோம். பேச வேண்டியது இந்தக் கைகளைப் பற்றி.

மதுரைக்காரர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ரிங் ரோட்டில் நீளமான பெட்டி போல, ஜன்னல் இல்லாமல் தகரம் அடித்த ட்ரெய்லர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புதுக் கார்களை ஷோரூமுக்குக் கொண்டுவருபவை அவை. கார்கள் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று நிற்கும். இந்தத் தொழில் நடப்பதே தொழிற்சாலைகளை நம்பித்தான். ஹரியானாவில் மானேசர் கார் தொழிற்சாலையிலிருந்து தெற்கே வருகிற ட்ரெய்லருக்குத் திரும்பிப் போக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதுக் கார் கிடைக்கும். மதுரையில் கார் தொழிற்சாலை கிடையாது. அதனால் நம் கார் இங்கே யார்டில் லோடு சேரும்வரை காத்திருக்கும். அல்லது சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அங்கே பெரிய ட்ரெய்லர் ஏறும். அங்கே வரைக்கும் எப்படிப் போகும் என்பதுதான் கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "மதுரையிலேயே ட்ரெய்லரில் ஏத்துறீங்களா, பெங்களூர் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போறீங்களா?"

எங்கள் பெரியப்பா மகன் அகமதாபாத்திலிருந்து வீடு மாறி வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கார் இன்னும் வழியில் இருக்கிறது, ட்ரெய்லரில் வருகிறது என்று அந்த நிறுவனத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் அவன் போனுக்கு ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி வந்தது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் காருக்கான கட்டணம் பிடித்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் இன்னொன்று. ராத்திரி வேலஞ்செட்டியூர். அதற்கப்புறம் கொடைரோடு. ட்ரெய்லர் ஓசூரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து யாரோ ஒரு டிரைவர் அவனுடைய காரை அவனுடைய டேகிலேயே மதுரைக்கு ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மறுநாள் மீட்டரைப் பார்த்தால், ஏற்றும்போது எடுத்த போட்டோவில் இருந்ததைவிட நானூறு கிலோமீட்டர் பக்கம் கூடுதல். வழியில் யார் மேலாவது மோதியிருந்தால், போலீஸ் முதலில் வந்து நிற்பது பதிவுச் சான்றில் பெயர் உள்ளவன் வாசலில்தான். கேட்டதற்கு, "கடைசித் தூரம் அப்படித்தான் சார் வரும்" என்றார்களாம். கடைசித் தூரம் என்பது நகர எல்லையிலிருந்து வீடு வரை. ஓசூரிலிருந்து மதுரை இல்லை.

ஃபாஸ்டேகை அலுமினியத் தாளால் மூடிவிட்டு அனுப்பச் சொல்வார்கள் சிலர், ட்ரெய்லரில் போகும்போது சாவடியில் தப்பாகப் பணம் பிடித்துவிடுமாம். நான் மூடமாட்டேன். கணக்கில் கொஞ்சமாகப் பணம் வைத்து, டேகை அப்படியே விட்டுவிடுவேன். நம் கார் தன் காலில் ஓடுகிறது என்று நமக்குச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, யாரிடம் கொடுப்பது? இணையத்தில் ஒரு இடத்தில் போன் நம்பரைக் கொடுத்தால் போதும், அன்று முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும். பேசுகிறவர்களில் பாதிப் பேரிடம் சொந்த ட்ரெய்லர் இருக்காது. புக்கிங் எடுத்து, கமிஷன் வைத்துக்கொண்டு, வேறொருவரிடம் தள்ளிவிடுகிற புரோக்கர்கள். புரோக்கராக இருப்பது குற்றமில்லை. ஆனால் வண்டி யாரிடம் போகிறது என்று அவரே சொல்லாவிட்டால் அங்கே நிறுத்திவிட வேண்டும். மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாக வாடகை சொல்கிறவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். கார் கிளம்பியபின் சுங்கம், லோடிங், இறக்குகூலி என்று ஒவ்வொன்றாகச் சேரும். பணம் கட்டினால்தான் சாவி என்று யார்டில் வைத்துக்கொண்டால் நாம் என்ன செய்ய முடியும்? மொத்தத் தொகை இவ்வளவு, இதில் இன்னின்னது அடக்கம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு பகுதியை இறக்கியபின் தருவதாகப் பேசிக்கொள்வதே வழி.

அடுத்தது எல்ஆர். லாரி ஆபீஸில் சரக்கு போட்டால் தருவார்களே, அதே ரசீதுதான். வடக்கே பில்டி என்பார்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-இல் ஒரு சட்டமும் 2011-இல் அதற்கு விதிகளும் வந்தன. அதன்படி பொதுச் சரக்கு ஏற்றுகிற நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்த விதிகளில் இருக்கிறது. சரக்கு சேதமானால், சாதாரணமாக நிறுவனத்தின் பொறுப்பு நாம் கொடுக்கும் வாடகையைப் போலப் பத்து மடங்கு வரைதான். இருபதாயிரம் வாடகை என்றால் இரண்டு லட்சம். ஆறு லட்சம் பெறுகிற கார் மொத்தமாகப் போனாலும் அவ்வளவுதான். அதற்கு மேல் பொறுப்பு வேண்டுமானால், காரின் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கூடுதல் கட்டணம் கட்டி, அதை ரசீதில் ஏற்ற வேண்டும். இன்னொன்று, வழக்குப் போடுவதானால் அதற்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் புக் பண்ணிய தேதியிலிருந்து 180 நாளுக்குள். "பாத்துப் பண்ணித் தர்றோம் மேடம்" என்று போனில் இழுத்துக்கொண்டே போனால் அந்த 180 நாள் சத்தமில்லாமல் தீர்ந்துவிடும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. நம்முடைய சொந்தக் கார் பாலிசியே, மூன்றாம் நபர் பாலிசியாக மட்டும் இல்லாமல் முழுப் பாலிசியாக இருந்தால், வண்டி சாலை வழியாகவோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பாலிசியின் முதல் பிரிவில் தீ, திருட்டு, வெள்ளம், நிலநடுக்கம் என்று வரிசையாக வருமே, அதில் இதுவும் ஒன்று. லிஃப்ட், விமானம்கூட அந்த வரியில் இருக்கிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் கிளைம் போட்டால், கிளைம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போகும் என்பது உண்மைதான். அதனால் சரக்குக்கான தனி இன்சூரன்ஸும் எடுப்பது நல்லது. ஆனால் "இன்சூரன்ஸ்" என்று பில்லில் ஒரு வரி போட்டுப் பணம் வாங்குவதும் பாலிசி எடுப்பதும் ஒன்றில்லை. நம் காரின் எண்ணும் மதிப்பும் எழுதிய சான்றிதழ் கைக்கு வந்தால்தான் அது பாலிசி.

ஆர்டிஓ வேலையையும் மதுரையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்துப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்கிருந்து என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். எங்களுடையது டிஎன் 59, மதுரை வடக்கு. நிலுவையில் ஒரு அபராதம் இருந்தாலும் என்ஓசி நிற்கும். கார் லோன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அங்கே புதுப் பதிவு முடிந்த பிறகுதான். அதற்கு அப்பா பட்ட அலைச்சல் தனிக் கதை. அடிக்கடி மாற்றல் ஆகிற வேலையில் இருப்பவர்கள் 2021-இல் வந்த பாரத் வரிசை எண்ணை, அதாவது மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டியிராத பதிவு எண்ணை, யோசிக்கலாம். அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் அது கிடைக்கும்.

கார் போகிற அன்று ஆனையூரில் எங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "யார்டு எங்கன்னு சொல்லுங்க தம்பி, நாங்களே கொண்டாந்து விடுறோம்" என்றார். அதில் ஒரு கை குறைந்தது. மாட்டுத்தாவணி வழியாகப் போய், பாண்டி கோயிலில் நிறுத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, ரிங் ரோட்டிலேயே கப்பலூர் போனோம். முந்தின நாளே காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம். மதுரைப் புழுதி அப்பிய காரில் எந்தக் கீறல் பழசு, எது புதுசு என்று எந்தப் போட்டோவும் சொல்லாது. நல்ல வெயிலில் நான்கு பக்கமும், கூரையும், பம்பரின் கீழ் விளிம்பும், சக்கரங்களும், மீட்டரும், ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிற டிக்கியும் என்று எடுத்துக்கொண்டோம். யார்டு சூப்பர்வைசர் உசிலம்பட்டிக்காரர், பொறுமையான மனிதர். அவர் எழுதிய நிலைமை அறிக்கையில் "சிறு கீறல்கள் உள்ளன" என்று பொதுவாக ஒரு வரி இருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எந்த இடத்துல, எத்தனை இஞ்சு?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக எழுத வைத்தார். அவரும் முகம் சுளிக்காமல் எழுதினார்.

அத்தை டிக்கியில் வைக்கச் சொன்ன பொன்னி அரிசி மூட்டை, பித்தளைக் குடம், ஊறுகாய் ஜாடி எல்லாம் வீட்டிலேயே நின்றுவிட்டன. அத்தைக்கு வருத்தம்தான். காருக்குள் வைக்கும் சாமானுக்கு ட்ரெய்லர்காரரும் பொறுப்பேற்க மாட்டார், கார் பாலிசியும் ஏற்காது. அதைவிட முக்கியம், டிக்கியில் பாரம் இருந்தால் பின்பக்கம் தாழ்ந்துவிடும். ராம்ப் ஏறும்போது அடியில் உரசும். பெட்ரோலும் ஏற்றி இறக்குகிற அளவுக்குத்தான் வைத்தோம்.

ராம்ப் என்பது இரண்டு குறுகலான இரும்புப் பலகைகள். சக்கரத்தின் அகலத்துக்குமேல் அதிகம் இடம் கிடையாது. ஏற்றியவர் ஹரியானா பக்கத்து டிரைவர், நடுத்தர வயது, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. காரை ராம்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர், ஏற்றாமல் இறங்கிவிட்டார். குனிந்து, முன் பம்பரின் உதட்டுக்கும் பலகைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த இரண்டு மரப்பலகைகளை எடுத்துவந்து ராம்பின் அடியில் படிபோலப் போட்டார். ஏறுகிற சாய்வு குறைந்தது. அப்புறம்தான் முதல் கியரில், கிளட்சை முழுக்க விடாமல், ஊர்ந்து ஊர்ந்து ஏற்றினார். மேல்தட்டில் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருந்தோம். கீழே நின்றால் மேலே நிற்கும் வண்டியிலிருந்து ஆயில் சொட்டினால் நம் கூரையில்தான் விழும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, டயர் மேலேயே பெல்ட்டைப் போட்டு, இரும்பு ராட்செட்டை நெம்பி நெம்பி இறுக்கினார். டயரில் கட்டினால் சாலைக் குலுங்கலை ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்ளும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டினால் குலுங்கல் முழுக்க அந்தக் கொக்கியில் போய் நிற்கும். அந்த மனிதர் வேலை செய்த விதத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பாதிக் கவலை போயிற்று. அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினோம். நெஞ்சில் கை வைத்து வாங்கிக்கொண்டார். இந்தத் தொழிலில் நல்லது கெட்டது எல்லாம் இப்படி ஒரு டிரைவர் குனிந்து பார்ப்பதிலும் பாராததிலும்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர்ப் பலகை அங்கே துணைக்கு வராது.

ஆனால் எல்லாக் கையும் அவர் கையாக இருப்பதில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ட்ரெய்லர் மாற்றினார்கள். முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் அது எங்களுக்குத் தெரியும்; இறக்கி ஏற்றும்போது போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தோம். இறக்கியபோது எடுத்தது வந்தது. மறுபடி ஏற்றியபோது எடுத்தது வரவே இல்லை.

குருகிராமில் ட்ரெய்லர் ஊருக்குள் வரவில்லை, வெளியே யார்டில் இறக்கினார்கள். அங்கிருந்து ஒரு உள்ளூர் ஆள் காரை ஓட்டிக்கொண்டு ராத்திரி பத்து மணி வாக்கில் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். அந்த வழியெல்லாம் வந்த புழுதி கார் மேல் கனமாகப் படிந்திருந்தது. டெலிவரி ரசீதை நீட்டி, இன்னும் இரண்டு வண்டி கொடுக்க வேண்டும், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்று இந்தியில் அவசரப்படுத்தினார். என் வீட்டுக்காரர் போடவில்லை. கீழே காவல் அறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வாங்கி, முன்பக்கத்தை மட்டுமாவது துடைத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தார். முன் பம்பரின் இடது கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, அடியில் உரசிய வெள்ளைத் தடம். கப்பலூரில் எடுத்த போட்டோவில் அதே மூலை முழுசாக இருந்தது. பெங்களூரில் இறக்கியபோது எடுத்த படத்திலும் முழுசாகவே இருந்தது.

வந்தவர் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அவரிடம் சண்டை போடவில்லை. ரசீதின் இரண்டு பிரதியிலும் எந்த இடம், எவ்வளவு நீளம் என்று எழுதி, மீட்டரில் இருந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து, "ராத்திரி வெளிச்சத்தில் பார்த்தது, மீதியைப் பகலில் பார்த்துத் தெரிவிப்போம்" என்று ஒரு வரி சேர்த்து, அதற்குக் கீழே அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் இவர் போட்டார். மறுநாள் காலை படங்களோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போயிற்று, கூடவே பதிவுத் தபாலில் நோட்டீஸும். அவர்கள் முதலில் பெங்களூர் யார்டைச் சொன்னார்கள், யார்டுக்காரர் இரண்டாவது ட்ரெய்லரைச் சொன்னார். கடைசியில் டிரைவரின் கையெழுத்து இருந்த அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, நிறுத்தி வைத்திருந்த மீதி வாடகையில் பம்பர் மாற்றிய செலவைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.